கல்லாப் பெட்டி பதில்கள்: கொரோனாவும் ஓட்டல்காரர் கடனும்

கொரோனா காலத்தில் வாங்கிய கடனின் கடைசித் தவணையைக் கட்டி முடித்துவிட்டேன் என்று சென்ற இதழில் நான்கு வரி எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிக்குத்தான் இத்தனை கடிதங்கள். கடன் பேசுகிற கடிதங்கள் என்பதால் பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு: குன்னூரில் மார்க்கெட்டுக்கு இறங்கும் வழியில் 6 மேஜை போட்ட ஓட்டல் என்னுடையது. வீட்டுக்காரர் போனபின் கல்லாவில் நான்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் சித்தி மகன் நியூஜெர்சியில் இருக்கிறான். கொரோனா சமயத்தில் அமெரிக்க அரசாங்கம் ஓட்டல்காரர்களுக்குத் திருப்பித் தரவேண்டாத பணமாகவே கொடுத்தது என்கிறான். அளக்கிறானா? நமக்கு ஏன் அப்படி ஒன்றும் வரவில்லை?
— மெஸ் நடத்துபவர், கோத்தகிரி

அளக்கவில்லை. பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான்.

2021 மார்ச்சில் அங்கே ஒரு சட்டம் போட்டு, உணவகங்களுக்கென்றே 2,860 கோடி டாலர் ஒதுக்கினார்கள். ஓட்டல், பேக்கரி, மதுக்கூடம், தெருவில் வண்டி வைத்து விற்பவர் என எல்லோரும் விண்ணப்பிக்கலாம். இருபது கிளைக்கு மேல் வைத்திருப்பவர்களுக்குக் கிடையாது. கணக்குப் போட்ட முறைதான் எனக்குப் பிடித்திருந்தது. 2019-ல் எவ்வளவு விற்றாய்? 2020-ல் எவ்வளவு விற்றாய்? முன்னதிலிருந்து பின்னதைக் கழி. ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க ஏற்கெனவே ஒரு அரசுக் கடன் வாங்கியிருந்தால் அதையும் கழி. மிச்சம் உன்னுடையது. அதைச் சம்பளம், வாடகை, சரக்கு என்று அனுமதித்த செலவுகளுக்கு 2023 மார்ச் 11-க்குள் செலவழித்துவிட்டால் திருப்பித் தரவேண்டாம்.

உங்கள் கடிதம் வந்த அன்று கடையை மூடியபிறகு பழைய நோட்டுகளை எடுத்து, அந்தக் கணக்கை எனக்கே போட்டுப் பார்த்தேன். 2019-ல் என் விற்பனை 31,40,000 ரூபாய். அதில் ஏப்ரல், மே சீசன் இரண்டு மாதம் மட்டும் 9,20,000. மறு வருடம் மொத்தமாகவே 13,85,000. ஏப்ரல் 3-ம் தேதிப் பக்கத்தில் 640 ரூபாய் என்று எழுதி, கீழே ஒரு கோடு கிழித்திருக்கிறேன். பக்கத்தின் மிச்சம் வெறுமையாக இருக்கிறது. பக்கம் வீணாகிறதே என்று அன்றைக்கு நினைத்ததுகூட நினைவிருக்கிறது. கழித்துப் பார்த்தால் 17,55,000 ரூபாய் வருகிறது. நியூஜெர்சியில் கடை வைத்திருந்தால் அவ்வளவும் வந்திருக்கும். ஆனால் அங்கே என் ரசத்துக்கு யார் வந்திருப்பார்கள் என்பது தெரியவில்லை.

இனி, உங்கள் தம்பி சொல்லாமல் விட்ட பாதி. 2021 மே 3-ம் தேதி விண்ணப்பம் வாங்கத் தொடங்கினார்கள். 2,78,000-க்கும் மேற்பட்டவர்கள் கேட்டார்கள். கேட்ட தொகை 7,200 கோடி டாலரைத் தாண்டியது. பெட்டியில் இருந்ததோ 2,860 கோடி. சுமார் 1,01,000 பேருக்குக் கொடுத்ததும் பெட்டி காலி. பெண்கள், முன்னாள் படைவீரர்கள், சமூகத்தில் பின்தங்கியவர்கள் நடத்தும் கடைகளுக்கு முதல் 21 நாள் முன்னுரிமை என்றார்கள். அதை எதிர்த்துச் சிலர் வழக்குப் போட்டார்கள். முடிவில், உங்களுக்கு உண்டு என்று தகவல் போயிருந்த ஏறத்தாழ 3,000 பேருக்கு, இல்லை என்று மறு தகவல் போனது. இலை போட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டு, சோறு தீர்ந்துவிட்டது என்று சொல்வதைப் போல. விட்டுப்போனவர்களுக்காக இன்னும் 4,000 கோடி டாலர் கேட்டு வந்த மசோதாவும் 2022 மே மாதம் செனட் சபையில் தேறவில்லை. ஆக, ஒரே தெருவில் ஒரு கடைக்கு முழு நஷ்டத்துக்கும் பணம் வந்தது, அடுத்த கடைக்குப் பூஜ்யம்.

நமக்கு ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். 2020 மே மாதம் டில்லியில் 20 லட்சம் கோடி ரூபாய் என்று அறிவித்தார்களே, அதில் சிறு தொழில்களுக்கு என்று சொன்ன பெரிய தொகை 3 லட்சம் கோடி. அது பணம் இல்லை, ஜாமீன். வங்கி உனக்குக் கடன் கொடுக்கட்டும், நீ கட்டாவிட்டால் வங்கிக்கு நாங்கள் பொறுப்பு என்று அரசு கையெழுத்துப் போட்டது. கையெழுத்துக்கும் மதிப்பு உண்டு, நான் இல்லை என்று சொல்லவில்லை. அந்தக் கையெழுத்தால்தான் என் கதவு திறந்தது. யாருக்குத் திறக்கவில்லை என்பதை அடுத்த கடிதம் சொல்கிறது.

முப்பது வருடமாக டிபன் கடை. வங்கியில் ஒரு பைசா கடன் கிடையாது. 2020-ல் போய்க் கேட்டபோது, பழைய கடன் இல்லையென்றால் இந்தத் திட்டத்தில் கடன் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். கடன் வாங்காமல் இருந்தது என் தப்பா?
— டிபன் கடைக்காரர், ஊட்டி

அண்ணா, உங்கள் கடிதத்தைத்தான் நான் இரண்டு முறை படித்தேன்.

அந்தத் திட்டத்துக்கு அவசரகாலக் கடன் உத்தரவாதத் திட்டம் என்று பெயர். வங்கியில் இ.சி.எல்.ஜி.எஸ். என்பார்கள். அளவுகோல் ஒன்றே ஒன்றுதான். 2020 பிப்ரவரி 29 அன்று உங்கள் பெயரில் கடன் நிலுவை எவ்வளவு? அதில் 20 சதவீதம் புதிதாகத் தருவோம். நீங்கள் எவ்வளவு இழந்தீர்கள், எத்தனை நாள் அடுப்பு எரியவில்லை என்று எந்தத் தாளும் கேட்கவில்லை. பூஜ்யத்தில் 20 சதவீதம் பூஜ்யம்தானே. முப்பது வருடமாகக் கடன் வாங்காமல் இருந்தவரை வெளியே நிறுத்திவிட்டு, சமையலறை கட்டக் கடன் வாங்கியிருந்த என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். இதில் உங்கள் தப்பு எங்கே வருகிறது?

என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், பொறாமைப்பட வேண்டியதில்லை என்பது தெரியும். அன்றைக்கு என் நிலுவை 8,00,000. ஆகவே புதுக் கடன் 1,60,000. வட்டி 9.25 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. எனக்கு 8 போட்டார்கள். முதல் வருடம் வட்டி மட்டும், மாதம் 1,067 ரூபாய். அடுத்த மூன்று வருடம் மாதம் 5,014. நான்கு வருடத்தில் வட்டியாக மட்டும் 33,300 ரூபாய் போயிருக்கிறது. 17,55,000 விற்பனை போன கடைக்கு 1,60,000 கடன், அதற்கும் வட்டி. ஆனாலும் அந்த 2020 ஆகஸ்டில் வேறு யார் 8 சதவீதத்துக்குக் கொடுத்திருப்பார்கள்? தண்டல்காரரிடம் போயிருந்தால் இந்நேரம் கடைப் பலகையில் வேறு பெயர் இருந்திருக்கும்.

கையெழுத்துப் போட்ட அன்றும் ஒரு கூத்து நடந்தது. எந்த வங்கி என்று சொல்லமாட்டேன். கூடுதல் பிணை கூடாது, பரிசீலனைக் கட்டணம் கூடாது என்று அரசு விதியே சொல்லியிருக்க, மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கடன் தாள்களுக்கு நடுவில் ஒரு ஆயுள் காப்பீட்டு விண்ணப்பத்தையும் செருகி வைத்திருந்தார். பென்சிலால் மூன்று இடத்தில் பெருக்கல் குறி. நான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் படிக்க ஆரம்பித்தேன். பன்னிரண்டாவது நிமிடத்தில் அவரே அதை உருவி எடுத்துவிட்டார். படிக்கிற மாதிரி நடித்தால்கூடப் போதும் என்று அன்று தெரிந்தது.

பிறகு 2021 மார்ச் 31-ல் ஓட்டல், சுற்றுலாத் தொழிலுக்கென்று அதே திட்டத்தை விரித்தார்கள். நிலுவையில் 40 சதவீதம் வரை, ஆறு வருடத் தவணை, முதல் இரண்டு வருடம் அசல் கட்டவேண்டாம். அதற்கும் அதே பிப்ரவரி 29 கணக்குத்தான். அடுத்த பட்ஜெட்டில் இத்தொழிலுக்கென்றே இன்னும் 50,000 கோடி உத்தரவாதம் சேர்த்தார்கள். நான் வாங்கவில்லை. 2021-ல் வாங்கியவர்களே 2027 வரை கட்டவேண்டும். ரிசர்வ் வங்கியும் 2021 ஜூனில், மனிதரோடு மனிதர் நெருங்கிப் பழகும் தொழில்களுக்கு என்று வங்கிகளுக்கு 15,000 கோடி வழியைத் திறந்தது. செய்தித்தாளில் படித்தேன். என் வங்கியில் யாரும் வாயைத் திறக்கவில்லை.

உங்களைப் போலக் கடன் இல்லாதவர்களுக்குப் புதிதாக முத்ரா கடன்தான் வழி, பிணையில்லாமல் சிறு தொழில்களுக்குத் தரும் கடன். அது வங்கி மேலாளரின் மனதைப் பொறுத்தது, அந்த வருடம் யாருக்கு மனது இருந்தது? கடைசியில் அண்ணியின் நகையை வைத்துத்தானே ஓட்டினீர்கள்? எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். ஒன்று மட்டும் செய்யுங்கள். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இல்லையென்றால் போட்டுக்கொள்ளுங்கள், இணையத்தில் இலவசம், 500 கொடு 1,000 கொடு என்று கேட்கும் தரகரை நம்பாதீர்கள். ஒரு நாள் விடாமல் விற்பனை எழுதுங்கள். அடுத்த முறை எந்த ஊர் முறையில் கணக்குக் கேட்டாலும் காட்டுவதற்கு ஒரு தாள் இருக்கட்டும்.

பார்சல் மட்டும் என்று இருந்த நாட்களில் உங்கள் கடையில் அதிகம் விற்றது எது?
— வாசகி, வெலிங்டன் (குன்னூர் பக்கம்)

மிளகு ரசம். சாதம் வேண்டாம், ரசம் மட்டும் ஒரு லிட்டர் என்பார்கள். கிருமி போய்விடுமாம். நம் மாவட்டத்தில்தான் பிளாஸ்டிக் பைக்கு எப்போதோ தடை போட்டாயிற்றே, எல்லோரும் தூக்குவாளியோடு வருவார்கள். ஆறடி தள்ளி வட்டம் போட்டு நிற்கவைத்தால், ஆளுக்குப் பதிலாக வாளியை வட்டத்தில் வைத்துவிட்டு வெயிலில் போய் நின்றுகொள்வார்கள். ஒரு நாள் வட்டத்துக்கு ஒன்றாக ஒன்பது வாளிகள் வரிசையில் நின்றன. மனிதர் ஒருவரும் இல்லை.

2020-ல் ஆறு மாதம் தவணை கட்டவேண்டாம் என்றார்கள். கட்டாமல் இருந்தேன். பிறகு பார்த்தால் கடன் கூடியிருந்தது. நவம்பர் வாக்கில் கணக்கில் ஏதோ சில நூறு ரூபாய் வந்தது. இரண்டும் புரியவில்லை.
— பேக்கரிக்காரர், கட்டபெட்டு

கட்டவேண்டாம் என்றார்கள், வட்டி ஓடாது என்று சொல்லவில்லை. முதலில் மார்ச் முதல் மே வரை, பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டினார்கள். உதாரணத்துக்கு 5,00,000 ரூபாய், 11 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு வட்டி 27,500. மாதாமாதம் அந்த வட்டியும் அசலோடு சேர்ந்து, வட்டிக்கு வட்டி போட்டதும் அது 28,138 ஆகிறது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2 கோடி ரூபாய் வரையுள்ள கடன்களுக்கு அந்த வட்டிக்கு வட்டியை மட்டும் அரசே தருவதாக அக்டோபரில் சொன்னார்கள். மேலே சொன்ன கணக்கில் அது 638 ரூபாய். உங்களுக்கு வந்த சில நூறு அதுதான். காகிதத்தில் அதற்குக் கருணைத் தொகை என்று பெயர். 27,500 உங்கள் தலையில்தான்.

எங்கள் வரிப் பணத்தில் ஓட்டல்களைக் காப்பாற்றுவது சரியா? நன்றாக நடத்துகிறவர்கள் பிழைப்பார்கள், மற்றவர்கள் மூடட்டுமே.
— கல்லூரி மாணவர், குன்னூர்

தம்பி, நன்றாக நடத்தாமல் மூடினால் நானும் வருத்தப்படமாட்டேன். ஆனால் 2020-ல் எங்களை மூடச் சொன்னது சாம்பார் சரியில்லை என்பதற்காக அல்ல. அரசு சொன்னது, மூடினோம். ஜூன் 8-ம் தேதி பாதி நாற்காலி போட்டுத் திறக்கலாம் என்றது, இருந்த 24 நாற்காலியில் 12-ஐக் கவிழ்த்து வைத்துத் திறந்தோம். உட்கார ஆள் வேண்டுமே? இ-பாஸ் இல்லாமல் மலைப்பாதையில் பர்லியாறு சோதனைச் சாவடியைத் தாண்டி ஒரு வண்டி ஏறமுடியாது. மலர்க் கண்காட்சி இல்லை, மலை ரயில் இல்லை. மறு வருடம் ஏப்ரல் 26 முதல் மறுபடியும் பார்சல் மட்டும். ஜூனில் மற்ற மாவட்டங்களுக்குத் தளர்வு வந்தபோதும், தொற்று அதிகம் என்று ஒதுக்கி வைத்த 11 மாவட்டங்களில் நாமும் ஒன்று. இரண்டு சீசன் அடுத்தடுத்துப் போனது. சமவெளிக்காரருக்குப் பன்னிரண்டு மாதம், நமக்கு இரண்டு மாதம்தான் வருடம் என்பது டில்லியில் எந்தத் திட்டம் எழுதியவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

எப்படிக் கொடுப்பது என்பதில் சண்டை போடுங்கள், வருகிறேன். இங்கிலாந்தில் 2020 ஆகஸ்டில் ஒரு வேடிக்கை செய்தார்கள். திங்கள் முதல் புதன் வரை கடையில் உட்கார்ந்து சாப்பிட்டால் பாதி விலை அரசு கொடுக்கும், தலைக்கு 10 பவுண்டு வரை. கடை நிரம்பியது. நோயும் அதனால் பரவியது என்று பிறகு ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். குன்னூரில் அப்படிச் செய்திருந்தால் முதல் வரிசையில் நீங்கள்தான் உட்கார்ந்திருப்பீர்கள்.

உண்மையில் என் கடையை அந்த வருடம் பிடித்து நிறுத்தியது எந்தத் திட்டமும் அல்ல, பச்சைத் தேயிலை. 2020-ன் பின்பாதியில் தேயிலைக்கு நல்ல விலை வந்தது. தோட்டக்காரர்களும் சுற்றியுள்ள ஹட்டிகளிலிருந்து, அதாவது படுகர் ஊர்களிலிருந்து, மார்க்கெட்டுக்கு வருகிறவர்களும் பழைய பாக்கியைத் தீர்த்துவிட்டுச் சாப்பிட்டார்கள். சுற்றுலாப் பயணி வராத வருடத்தில்தான் உள்ளூர்க்காரரின் முகம் எனக்கு ஒழுங்காகத் தெரிந்தது.

தள்ளுவண்டியில் சுண்டல், மிளகாய் பஜ்ஜி விற்கிறேன். வண்டிக்காரர்களுக்குக் கொடுக்கும் கடனை வாங்கலாமா, பிறகு மாட்டிக்கொள்வேனா?
— வாசகி, கூடலூர்

வாங்குங்கள் அம்மா. 2020 ஜூனில் தொடங்கிய திட்டம் அது, பி.எம். ஸ்வநிதி என்பார்கள். தொடங்கியபோது முதலில் 10,000, ஒழுங்காகக் கட்டினால் 20,000, அடுத்து 50,000 என்று இருந்தது; 2025-ல் முதல் இரண்டையும் 15,000, 25,000 என்று கூட்டினார்கள். பிணை கிடையாது. நாள் தவறாமல் கட்டினால் வருடத்துக்கு 7 சதவீத வட்டி மானியமாக உங்கள் கணக்குக்கே திரும்பி வரும். நகராட்சி கொடுக்கும் வியாபாரி அடையாள அட்டையோ, பரிந்துரைக் கடிதமோ வேண்டும். அரசின் கொரோனாத் திட்டங்களில் பழைய கடன் இருக்கிறதா என்று கேட்காமல், தொழில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டது இது ஒன்றுதான் என்பது என் எண்ணம். எண்ணெய்க்கும் கடலைக்கும் தவிர அந்தப் பணத்தைத் தொடாதீர்கள். மகன் செல்போன் கேட்பான்.

கொரோனாவில் தொழிலாளிக்குச் சம்பளம் கொடுக்க அரசு பணம் கொடுத்ததாமே, முதலாளிகள் விழுங்கிவிட்டீர்களா? ஊருக்கெல்லாம் பதில் சொல்கிறீர்கள், உங்கள் ஆட்களுக்கு நீங்கள் என்ன செய்தீர்கள்?
— பெயரும் ஊரும் எழுதவில்லை

முதல் கேள்விக்கு முதலில். சம்பளத்தையே அரசு கொடுத்தது இங்கிலாந்தில், 80 சதவீதம், மாதம் 2,500 பவுண்டு வரை. இங்கே கொடுத்தது வருங்கால வைப்பு நிதிக்கான பங்கு மட்டும். சம்பளத்தில் ஆளின் பங்கு 12 சதவீதம், முதலாளியின் பங்கு 12 சதவீதம், இரண்டையும் 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை மத்திய அரசு கட்டியது. அதற்கு நூறு பேருக்கு மேல் இருக்கக்கூடாது, அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் 15,000-க்குக் கீழே வாங்கவேண்டும், முதலில் பி.எஃப். பதிவே இருக்கவேண்டும். இருபது ஆட்களுக்குக் குறைந்த கடைக்கு அந்தப் பதிவு கட்டாயமில்லை. என்னிடம் 7 பேர். எங்களைப் போன்ற கடைகளுக்கு அதில் ஒரு ரூபாய் வரவில்லை. விழுங்குவதற்கு ஒன்றும் இல்லை.

இரண்டாவது கேள்வி. 2020 மார்ச் 29-ல் மூடியிருக்கும் காலத்துக்கும் முழுச் சம்பளம் கொடுக்கவேண்டும் என்று மத்திய அரசு உத்தரவு போட்டது, மே மாதத்தில் விலக்கிக்கொண்டது. நான் அந்த உத்தரவைக் காப்பாற்றவில்லை. மார்ச் முழுச் சம்பளம், ஏப்ரல் பாதி, மே ஒன்றுமில்லை. மூன்று வேளைச் சாப்பாடும் மாடியில் படுக்கவும் இடம் கொடுத்தேன். உள்ளூர் ஆட்கள் மூன்று பேருக்கு ரேஷன் கடையில் 1,000 ரூபாய் கிடைத்தது. மற்ற நால்வரின் அட்டையும் தென் மாவட்டத்தில் அவரவர் ஊரில் இருந்தது. அவர்கள் பங்கை வீட்டில் இருந்தவர்கள் வாங்கினார்கள்.

சமையலைப் பார்த்த சரக்கு மாஸ்டர் பதினான்கு வருடம் இருந்தவர். மே கடைசியில் ஊருக்குப் போக பாஸ் கிடைத்தது. கிளம்பும் அன்று காலையில் அடுப்பு மேடையைக் கழுவி, கரண்டிகளைத் துடைத்து, பெரிதிலிருந்து சிறிதாக ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். கையில் 3,000 கொடுத்தேன். ஏப்ரல் பாதியும் மே முழுவதும் சேர்ந்து அவருக்கு 27,000 வரவேண்டும், 3,000 போக 24,000 என்று அவர் எதிரிலேயே எழுதினேன். திறந்ததும் வருகிறேன் என்றார். வரவில்லை. ஆகஸ்டில் கடன் வந்ததும் முதலில் பாத்திரக் கடைக்கும் கேஸ் ஏஜென்சிக்கும் வாடகைக்கும் கொடுத்தேன், ஆட்களுக்கு அப்புறம்தான். அதை மறைப்பதற்கில்லை. மற்ற ஆறு பேருக்கும் டிசம்பருக்குள் தீர்த்துவிட்டேன். இவருடைய எண்ணுக்கு அழைத்தால், உபயோகத்தில் இல்லை என்று வருகிறது.

உங்கள் கடிதத்தின் உறையில் தபால் முத்திரை அழிந்திருக்கிறது. எழுத்து யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை, மாஸ்டர் எழுதி நான் பார்த்ததே இல்லை. மளிகைப் பட்டியலைக்கூட வாயால்தான் சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். நீங்கள் அவராகவோ அவருக்குத் தெரிந்தவராகவோ இருந்தால், பத்திரிகை முகவரிக்கு ஒரு வங்கிக் கணக்கு எண் அனுப்பினால் போதும். 24,000 தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.